மீட்டிங்குக்கு வந்தது ஒரே ஒருத்தர், அதுவும் சண்டைக்கு

போன வருஷம் ஆடி மாசம் நடந்தது இது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல இருந்து நடக்கிற தூரத்துல ஒரு மெஸ், அதுக்கு மேல மாடியில ஒரு சின்ன ஹால். ஆடியில கல்யாணம் காட்சி எதுவும் இருக்காது, ஹால் சும்மா கெடக்கும், சீப்பா குடுப்பாங்கன்னு புக் பண்ணேன். ஞாயித்துக்கெழம காலையில போய் கதவத் தொறந்தா, முந்தின நாள் யாரோ ஒரு கொழந்தைக்கு பர்த்டே போல. சுவத்துல தங்கக் கலர் பலூன் எழுத்து அப்படியே இருக்கு. அதுல ரெண்டு எழுத்துக்கு காத்து எறங்கி தொங்கிக்கினு கெடக்கு. அதுக்குக் கீழ நான். கையில மைக், தோள்ல லேப்டாப் பேகு, மூஞ்சில நான்தான் சிஇஓ-ன்னு ஒரு நெனப்பு.

நான் யாருன்னு சொல்லிடறேன். முகையூர் பக்கத்துல ஒரு ஊரு. பி.காம் முடிச்சேன். பண்றது விர்ச்சுவல் அசிஸ்டன்ட் வேலை. அப்படின்னா என்னான்னு கேக்காத ஆளே எங்க ஊர்ல கெடையாது. ஒண்ணும் இல்லங்க, ஒரு ஆபீஸ்ல உக்காந்துகினு மெயில் பாக்கறது, போன் எடுக்கறது, டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட் போடறது, இதெல்லாத்தையும் நம்ம வீட்டு ரூம்ல ஃபேன் போட்டுகினு பண்றது. அவ்ளோதான் மேட்டர்.

எனக்கு க்ளையன்ட் ஒரே ஒரு மேடம், பெங்களூர்ல இருக்காங்க. பல்லு டாக்டர், கண்ணு டாக்டர்னு சின்னச் சின்ன க்ளினிக்குக்கெல்லாம் போன் பேசற வேலைய அவங்க எடுத்து, எங்கள மாதிரி ஆளுங்ககிட்ட பிரிச்சுக் குடுப்பாங்க. தமிழ்நாட்டு க்ளினிக் நெறைய சேரவும் ஒரு நாள் கால் பண்ணாங்க. தமிழ்ல பேசற பொண்ணுங்க நாலு பேர் வேணும், ஆனா ஆன்லைன்ல புடிச்ச ஆளுங்க வேணாம், பேஷன்ட்டோட ரிப்போர்ட் எல்லாம் கையில குடுக்கப் போறோம், அதனால நீ நேர்ல பாத்து, பழகி, இவங்களுக்கு நான் பொறுப்புன்னு சொல்ற ஆளா இருக்கணும்னு சொன்னாங்க. மாசக் கடைசிக்குள்ள முடியலன்னா மொத்த வேலையும் ஒரு சென்னைக் கம்பெனிக்குப் போயிரும். மொத்தம்னா என் வேலையும் சேத்து.

என் வேலை போனா அடுத்து எங்கன்னு எனக்கு நல்லா தெரியும். காலேஜ் முடிச்ச கையோட ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில கொஞ்ச நாள் லைன்ல நின்னவ நான். ஹாஸ்டல்ல தீப்பெட்டிக்குள்ள குச்சி மாதிரி படுத்திருப்போம். அப்பா இல்ல, அம்மா ஊர்ல தனியா. அம்மாவுக்கு ஜொரம்னா பக்கத்து வீட்டுக்காரங்க போன் பண்ணிதான் எனக்குத் தெரியும். திரும்ப அந்த ஒரகடம் பஸ்ல ஏறக்கூடாதுன்னு வெறி எனக்கு.

ஆளுங்க இல்லாம இல்ல. எங்க மாவட்டத்துல வீட்ல இருந்தே வேலை பாக்குற பொண்ணுங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. நான்தான் அட்மின். தெனமும் பேசுவோம், க்ளையன்ட்ட திட்டுவோம், கரன்ட் போனா ஒப்பாரி வெப்போம். ஆனா ஒருத்தி மூஞ்சி ஒருத்திக்குத் தெரியாது. டிபி பாத்தா ஒண்ணு ரோஜாப்பூ, ஒண்ணு கைக்கொழந்தை, ஒண்ணு முருகர், ஒண்ணு மாதா. அதுல ஒருத்தி மயிலம் பக்கம். அவ வாய்ஸ் நோட்டு போட்டா ஏர்போர்ட்ல அனவுன்ஸ்மென்ட் கேக்கற மாதிரி இருக்கும். தமிழும் அப்படி, இங்கிலீஷும் அப்படி. அவள டீம்ல போட்டுட்டா மேடம் ஃப்ளாட்டுன்னு கணக்குப் போட்டு வெச்சிருந்தேன்.

சரி, நேர்லதான பாக்கணும், ஒரு மீட் போட்டுடுவோம்னு யூடியூப்ல பாத்து கத்துகினேன். நெட்வொர்க்கிங் மீட் எப்படி நடத்தணும், எப்படி கை குடுக்கணும், ஒரு நிமிஷத்துல நம்மள பத்தி எப்படி சொல்லணும், எல்லாம். ஆளுங்கள சகஜமா பேச வைக்க ஐஸ் பிரேக்கர்னு ஒரு கேம். சட்டையில ஒட்டிக்க பேர் ஸ்டிக்கர். கீழ மெஸ்ல பொங்கல், வடை, கேசரிக்கு ஆர்டர். குரூப்ல லொக்கேஷன் லிங்க் போட்டு, யார் யார் வர்றீங்கன்னு ஒரு போல் போட்டேன். எல்லாரும் ‘வர்றேன்’ல குத்தி ஹார்ட்டு விட்டாளுங்க. கெத்தா இருந்துச்சு.

கெளம்பும்போது அம்மா, "ஞாயித்துக்கெழம சர்ச்சுப் பூசைய விட்டுட்டு எங்கடி போற?"ன்னாங்க.

"நெட்வொர்க்கிங்மா."

"அங்கயாச்சும் டவர் நல்லா கெடைக்குமா?"

எங்கம்மாவ மாதிரி கலாய்க்க ஆளே கெடையாது. அதுவும் அவங்க கலாய்க்கறதே அவங்களுக்குத் தெரியாது.

சரி, ஹாலுக்கு வருவோம். வரவேண்டிய நேரம் ஆச்சு. யாரும் இல்ல. தமிழ்நாட்டுல எவ டைமுக்கு வந்திருக்கான்னு உக்காந்திருந்தேன். மெஸ்காரர் ரெண்டு வாட்டி மேல வந்து எட்டிப் பாத்துட்டு, "சூடு ஆறுதும்மா"ன்னுட்டுப் போனார். அப்புறம் குரூப்ல ஒண்ணொண்ணா விழுவ ஆரம்பிச்சுது. சாரி சிஸ், பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. சாரி டியர், திடீர்னு கெஸ்ட். சாரி சிஸ், நெக்ஸ்ட் டைம் கன்ஃபார்ம். மயிலம்காரி மட்டும் ஒண்ணுமே போடல. பாத்திருக்கா, ரெண்டு டிக்கும் ப்ளூ. பதில் இல்ல.

செம கடுப்புல உக்காந்திருக்கேன், படியில ‘டப் டப்’னு சத்தம். எழுந்து சிரிச்ச மூஞ்சோட நின்னா, ஏறி வர்றது ஒரு ஆம்பள. முப்பது வயசு இருக்கும். லுங்கி, கையில வண்டிச் சாவி. வாசல்லயே நின்னு ஹால ஒரு ரவுண்டு பாத்தார். பலூனப் பாத்தார். என்னப் பாத்தார். அப்புறம் விடுவிடுன்னு உள்ள வந்து, பின்னாடி இருந்த பாத்ரூம் கதவத் தொறந்து உள்ள எட்டிப் பாத்தாரு பாருங்க!

"ஹலோ! யாருங்க நீங்க? என்னா பண்றீங்க?"

"நீதான் மீட்டிங்கு போட்டதாமா?"

"ஆமா. லேடீஸ் ஒன்லி."

"லேடீஸ்னுதான் சொன்னாங்க. எங்கம்மா லேடீஸ்?"

காலி சேர், காத்து போன பலூன், நடுவுல நான் ஒருத்தி. அவர் எடத்துல நின்னு பாத்தா எனக்கே டவுட்டு வந்திருக்கும். ஆனா என் வாய் சும்மா இருக்குமா?

"நீங்க யாருங்க அதக் கேக்க?"

"எங்க வூட்டுக்காரி பேரு குடுத்துருக்கா. கிளியனூரு. என்னா எடம், யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு அப்புறம் அனுப்பலாம்னு வந்தேன்."

"உங்க வைஃப் என்ன எல்கேஜி படிக்கிறாங்களா? செக் பண்ணிட்டு அனுப்பறதுக்கு?"

அவருக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "ஏம்மா, பேச்சு ஓவரா இருக்குதே. இதே மாதிரிதான் வூட்லேர்ந்து டைப்பிங் வேலைனு ஒருத்தன் பாண்டிச்சேரிக்கு வரச் சொன்னான். கைக்கொழந்தைய தூக்கிக்கினு போனா பூட்டுன ஷட்டரு. அன்னிக்கு மழையில நின்னுச்சு என் பொண்டாட்டி. நீ நின்னியா?"

வாய மூடிகினேன். நான் அப்படி வாய மூடறது ரொம்ப ரேர்.

கீழேர்ந்து மெஸ்காரர் அண்டாவத் தூக்கிகினு மேல வந்து வெச்சுட்டு, இதுக்கு மேல என் பொறுப்பு இல்லன்னுட்டு போயிட்டார். அந்த அண்ணன் மூடியத் தொறந்து பாத்தார். நெய் வாசனை. "இவ்ளோ பொங்கலையும் என்னா பண்ணப் போற?"ன்னார். அந்த நேரத்துல எனக்கு அழுவ வந்துடுச்சு. அழுதுகினேதான் இலை போட்டேன். அவரும் உக்காந்து சாப்பிட்டார். சண்ட போட வந்த மனுஷனுக்கு பொங்கல் பரிமாறின ஒரே நெட்வொர்க்கிங் மீட் உலகத்துலயே என்னோடதா தான் இருக்கும்.

சாப்பிட்டுகினே அவர் வைஃபுக்கு வீடியோ கால் போட்டு, ஹால சுத்திக் காமிச்சார். "ந்தா, நல்ல எடம்தான். ஆனா ஈ காக்கா இல்ல. இந்தப் பொண்ணுதான் அழுதுகினு கீது"ன்னுட்டு போன என்கிட்ட குடுத்தார். குரூப்ல ரோஜாப்பூ டிபி வெச்சிருந்தவங்க. மொத தடவ மூஞ்சியப் பாக்கறேன். இடுப்புல கொழந்தை, தலையில துண்டு. ரோஜாப்பூவும் இல்ல ஒண்ணும் இல்ல, நல்ல கலகலன்னு ஒரு அக்கா.

"சிஸ், கோச்சிக்காதீங்க. எல்லாருக்கும் வரணும்னுதான் ஆசை"ன்னாங்க.

"அப்புறம் ஏன் சிஸ் வரல? போல்ல எல்லாரும் ‘வர்றேன்’தான?"

"நீங்க எனக்கு லிங்க் அனுப்பனீங்க. எங்க மாமியாருக்கு அனுப்பலயே."

நான் முழிச்சேன். அவங்க பொறுமையா சொன்னாங்க. எங்க ஏரியாவுல ஒரு காதுகுத்து, மஞ்சத்தண்ணின்னாகூட வீடு தேடி வந்து, தட்டு வெச்சுக் கூப்பிடலன்னா அந்த விசேஷத்துக்கு ஒருத்தரும் போவ மாட்டாங்க. பொண்ணுங்களுக்கு வந்த மெசேஜ் வீட்ல இருக்கறவங்களுக்கு அழைப்பு இல்ல. யாரு கூப்பிட்டா, எங்க கூப்பிட்டா, எதுக்குக் கூப்பிட்டா, ஒண்ணும் தெரியாது. அப்புறம் எந்த மாமியா "போய்ட்டு வாம்மா"ன்னு சொல்லும்? "நாங்க வேலை பாக்கறது வீட்லதான சிஸ். அப்ப எங்க வீடுதான எங்க ஆபீஸு? ஆபீஸ்ல பர்மிஷன் கேக்க வேணாமா?"ன்னு அவங்க கேட்டதும் நான் ஆஃப் ஆயிட்டேன்.

"வீடு வீடா வந்து கூப்பிடுங்க சிஸ். எங்க வூட்டுக்காரரு வண்டிய எடுக்கச் சொல்றேன்."

அந்த அண்ணன் குட்டி யானை லோடு வண்டி ஓட்றவர். பந்தல் சாமான், சேர், பாத்திரம் எல்லாம் விசேஷ வீடுங்களுக்கு எறக்கற வேலை. ஆடியில ஓட்டம் கெடையாது. "சும்மாதான கெடக்குது வண்டி, வா"ன்னார். சண்ட போட்டு அரை மணி நேரம் கூட ஆவல.

இங்க ஒண்ணு சொல்லணும். வீட்டுக்குப் போய்க் கூப்பிடறதுன்னதும் எனக்குப் போவவே மனசு வரல. சோம்பேறித்தனம் இல்ல. எனக்கு இந்த ஆன்லைன் வேலை ஏன் இவ்ளோ புடிக்கும்னா, அங்க யாரும் எந்தப் பக்கம் வீடுன்னு கேக்க மாட்டாங்க. பெங்களூர் மேடம் என்னை இன்டர்வியூ பண்ணாங்க. டைப்பிங் ஸ்பீடு கேட்டாங்க, இங்கிலீஷ் பேசச் சொன்னாங்க, நெட் கனெக்ஷன் கேட்டாங்க. அவ்ளோதான். ஆனா எங்க பக்கத்துல ஒரு வாசல்ல போய் நின்னா, மொதல்ல ஊர் பேரு, அடுத்தது "ஊர்ல எந்தப் பக்கம்?" அது அட்ரஸ் கேக்கற கேள்வி இல்லன்னு கேக்கறவங்களுக்கும் தெரியும், சொல்றவங்களுக்கும் தெரியும். நாங்க காலனி. சர்ச்சுக்குப் போறதால அது மாறிடல. ஸ்கூல்ல, காலேஜ் ஃப்ரெண்டு வீட்லன்னு அந்தக் கேள்விய நெறைய வாட்டி பாத்துட்டேன். அதான் ஸ்க்ரீனுக்குப் பின்னாடி ஜாலியா இருந்தேன்.

ஆனா மாசக் கடைசி வந்துகினே இருக்கு. ஒரகடம் பஸ்ஸும் கண்ணு முன்னாடி வருது. போலாம்ணான்னுட்டேன்.

அடுத்த நாளே ஆரம்பிச்சோம். கிளியனூர்ல அவங்க வீட்ல இருந்து ஒரு எவர்சில்வர் தட்டு. அதுல வெத்தலை, பாக்கு, பூ, வாழைப்பழம். வண்டியில முன்னாடி அண்ணன், பக்கத்துல கொழந்தையோட அந்த அக்கா, இடுக்குல மடியில தட்டோட நான். மொத அழைப்பு அவங்க மாமியாருக்கேதான். நான் தட்ட நீட்டினதும் அவங்க சிரிச்சுட்டு வாங்கிகினு, "எம் மவன் ஒழுங்கா பேசனானா? மொரடு அது"ன்னாங்க. வேற ஒண்ணும் கேக்கல. இதுக்கா இவ்ளோ பயந்தோம்னு ஆயிடுச்சு.

அப்புறம் போன வீட்லயெல்லாம் அந்த அண்ணன்தான் பாஸ்போர்ட்டு. வண்டிய நிறுத்தி எறங்கினா போதும், "அட, நம்ம சேர்க்காரரு"ன்னு உள்ள கூப்பிட்டாங்க. ஒரு வீட்ல அவர், "உங்க பையன் காதுகுத்துல ஒரு சேரு ஒடஞ்சுது, ஞாபகம் கீதா? அதக்கூட நான் கேக்கல"ன்னு ஒரு பிட்டப் போட்டார். அந்த வீட்டுக்காரர் சிரிச்சுகினே, "சரிப்பா, மருமவள அனுப்பறேன், சேரப் பத்திப் பேசாத"ன்னார். நான் யூடியூப்ல பாத்த நெட்வொர்க்கிங் எல்லாம் மொக்கைன்னு அன்னிக்குதான் தெரிஞ்சுது.

கடைசியா மயிலம் பக்கத்துக் கிராமம். ஏர்போர்ட் குரல் வீடு. வாசல்ல அவங்க மாமியார் உக்காந்து விதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உடைச்சிக்கினு இருந்தாங்க. எதிர்ல மொறத்துல பருப்பு குவிஞ்சு கெடக்கு. உள்ள கதவுக்குப் பின்னாடி ஒரு பொடவை முந்தானை மட்டும் தெரிஞ்சுது.

நான் தட்ட அவங்க முன்னாடி வெச்சு, விஷயத்தச் சொன்னேன்.

"ஆடி மாசத்துல எவ தட்டு வெப்பா?"ன்னாங்க.

"கல்யாணத்துக்கா வெக்கறோம் பெரீம்மா? வேலைக்குத்தான"ன்னு அக்கா எடுத்துக் குடுத்தாங்க.

அந்தம்மா கை நிக்காம மல்லாட்டைய உடைச்சிக்கினே கேள்வி கேட்டாங்க. என்னா வேலை, யார்கூட பேசணும், ஆம்பளைங்க பேசுவாங்களா, ராத்திரியில போன் வருமா. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னேன். நல்ல கேள்விங்க, பெங்களூர் மேடம்கூட இவ்ளோ கேக்கல. அவங்க மூஞ்சி கொஞ்சம் எளகற மாதிரி இருந்துச்சு. அப்பதான் வந்துச்சு.

"நீ எந்த ஊரு பொண்ணு?"

"முகையூர் பக்கம்மா."

"அங்க எங்க ஒறவுக்காரங்க இருக்காங்களே. ஊர்ல எந்தப் பக்கம் நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். சர்ச்சு பக்கத்துலன்னு மழுப்பியிருக்கலாம், அதுவும் நெசம்தான். ஆனா நான் எந்தப் பொண்ணுங்களுக்குப் பொறுப்புன்னு மேடம்கிட்ட சொல்லப் போறேனோ, அந்த வீட்டு வாசல்லயே பொய்யில ஆரம்பிக்கறதா?

"காலனிமா"ன்னேன்.

மல்லாட்டை ஒடையற சத்தம் நின்னுடுச்சு. அந்த அண்ணன் வண்டி டயர மொத தடவ பாக்கற மாதிரி பாத்துகினு நின்னார். அந்தம்மா திட்டல, கத்தல. தட்டத் தொடாம, "செரி, எம் மவன் வரட்டும், கேட்டுட்டு சொல்றோம்"ன்னாங்க. அதுக்கு என்னா அர்த்தம்னு எங்க ஊர்ல பொறந்த எல்லாருக்கும் தெரியும்.

நான் எழுந்துக்கப் போனேன். அந்த கிளியனூர் அக்கா என் கையப் புடிச்சு உக்கார வெச்சாங்க. ரொம்ப சாதாரணமா, கடையில பை கேக்கற மாதிரி, "பெரீம்மா, தட்ட காலி பண்ணிக் குடுத்துடுங்க. நேரமாவுது, போவணும்"ன்னாங்க.

அதுல இருக்கற வெவரம் தெரியுதா? அழைப்புத் தட்டுல இருக்கறத எடுத்துகினு, தட்ட வெறுமனே குடுக்காம எதையாச்சும் போட்டுத் திருப்பிக் குடுத்தா, வர்றோம்னு அர்த்தம். எடுக்காம அப்படியே குடுத்தா வரலன்னு அர்த்தம். யோசிச்சு சொல்றோம்ன்றதெல்லாம் செல்லாது. எடுக்கணும், இல்ல மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்லணும். அந்தம்மா தட்டப் பாக்கறாங்க. நான் தரையப் பாக்கறேன். என் மொத்தப் பொழப்பும் ஒரு சீப்பு வாழைப்பழத்துமேல ஒக்காந்துகினு இருக்கு.

கதவு தொறந்துச்சு. மருமவப் பொண்ணு வெளிய வந்தா. என்ன விட சின்னவளா இருப்பா. நேரா வந்து குனிஞ்சு தட்ட எடுத்தா. உள்ள போனா. பாத்திரம் சத்தம் கேட்டுச்சு. திரும்பி வந்து, வெறும் தட்டோட மாமியாருக்குப் பக்கத்துல உக்காந்து, மொறத்துல இருந்த மல்லாட்டைய ரெண்டு கையாலயும் அள்ளி தட்டுல போட்டா.

"ஏய், ஏய்! அது வெதைக்கு வெச்சதுடி!"

"ரெண்டு கை எடுத்தா கொல்லை கொறைஞ்சுடுமா அத்தை?"

அந்தக் குரல்! ஏர்போர்ட்டே வந்து எதிர்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு. தட்ட என் கையில குடுத்துட்டு, "ஞாயித்துக்கெழம வர்றேன் சிஸ். அன்னிக்கு ரிப்ளை பண்ணாததுக்கு சாரி. வர முடியாதுன்னு டைப் பண்ண கை வரல"ன்னா. கண்ணு கலங்கி இருந்துச்சு, ஆனா சிரிச்சா. அந்தம்மா கீழ சிந்தின மல்லாட்டையப் பொறுக்கி மொறத்துல போட்டாங்க. அண்ணன் வண்டியில ஏறினதும், "ஜல்தி வாங்க, அந்தம்மா மனசு மாறதுக்குள்ள கெளம்பிடலாம்"ன்னு ஹாரன் அடிச்சார்.

அடுத்த ஞாயித்துக்கெழம மீட்டிங்கு ஹால்ல இல்ல, கிளியனூர்ல அவங்க வீட்டு முன்னாடி. ஆடிக்கு சும்மா அடுக்கி வெச்சிருந்த சேர எல்லாம் அண்ணன் எறக்கிட்டார். பொண்ணுங்க வந்தாளுங்க, கூடவே மாமியா, நாத்தனா, புருஷன், புள்ளைங்கன்னு வந்துடுச்சு. நிச்சயதார்த்தம் மாதிரி ஒரே ரகளை. கேம் ஆட டைமே இல்ல. குரலக் கேட்டே ஒருத்திய ஒருத்தி கண்டுபுடிச்சு கத்திகினாளுங்க. "நீயா அது? நீ குண்டா இருப்பன்னு நெனச்சேன்டி!" இதுதான் ஐஸ் பிரேக்கர்.

மயிலம் அம்மாவும் வந்திருந்தாங்க. ஓரமா ஒரு சேர்ல. எங்கம்மாவ நான் கூப்பிட்டுகினு போயிருந்தேன், அவங்கதான் எல்லாருக்கும் பரிமாறினது. அந்தம்மா மட்டும் வயிறு செரியில்லன்னுட்டு எலைய வேணாம்னாங்க. வயிறு நல்லாதான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும், எங்கம்மாவுக்கும் தெரியும். எங்கம்மா அடுத்த எலைக்குப் போயிட்டாங்க.

சாப்பாடு முடிஞ்சதும் மேடத்த லைன்ல போட்டேன். நான் எடுத்து வெச்ச நாலு பேரும் பேஷன்ட்கிட்ட பேசற மாதிரி பேசிக் காமிக்கணும். மொதல்ல பேசினவளுங்களுக்கு நாக்கு கொளறுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு. ஏர்போர்ட்காரி டர்ன் வந்துச்சு. மேடம் வேணும்னே கோவமான பேஷன்ட் மாதிரி கத்தினாங்க. அவ அசராம, மெதுவா, "உங்க வலி எனக்குப் புரியுதுங்க, இன்னிக்கே டாக்டர பாக்க வழி பண்றேன், கொஞ்சம் லைன்ல இருங்க"ன்னா பாருங்க, சேர்ல இருந்த மொத்தக் கூட்டமும் கப்சிப். மேடம் சிரிச்சுட்டு, போதும், இவங்க எல்லாரையும் எடுத்துக்கலாம்னுட்டாங்க. பின்னாடி அந்த மயிலம் அம்மா பக்கத்துல இருந்தவங்கள இடிச்சு, "அது எங்கூட்டு மருமவ"ன்னு சொன்னது எனக்குக் காதுல விழுந்துச்சு.

வேலை தப்பிச்சுது. ஒரகடம் பஸ் போயே போச்சு. இதோட முடிஞ்சிருந்தா நான் இத எழுதியிருக்கவே மாட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, டீமுக்கு இன்னும் ஒரு ஆள் வேணும்னு மேடம் கேட்டாங்க. அன்னிக்கு சாயங்காலமே ஏர்போர்ட்காரி நம்பர்ல இருந்து கால். எடுத்தா அவ இல்ல, மாமியா.

"எங்க தெருவுல ஒரு பொண்ணு கீது. டிகிரி படிச்சுட்டு சும்மா கீது. வந்து கூப்டு."

"நம்பர் குடுங்கமா, பேசிடறேன்"னேன்.

"போன்ல சொன்னா அவ மாமனாரு உடுவாரா? நேர்ல வா. நானும் கூட வர்றேன்."

போனேன். அவங்க வாசல்ல தயாரா தட்ட வெச்சுகினு நின்னாங்க. என்கிட்ட குடுத்துட்டு, தெருவுல எனக்குப் பக்கத்துலயே நடந்தாங்க. வழியில ஒருத்தர் நிறுத்தி, "யாரு இந்தப் பொண்ணு?"ன்னு கேட்டார். அந்தம்மா நிக்காமயே சொன்னாங்க. "எங்க மருமவளுக்கு மேனேஜரு. முகையூரு." அவ்ளோதான். அதுக்கு மேல அந்தாளும் கேக்கல, அவங்களும் சொல்லல.

அன்னிக்கு கிளியனூர்ல எங்கம்மா கையால அவங்க சாப்பிடல, அத நான் மறக்கல. பட்டப்பகல்ல அவங்க தெருவுல என்கூட தோளுக்குத் தோள் நடந்தாங்க, அதையும் மறக்கல. ரெண்டுல எது பெருசுன்னு இன்னும் எனக்குச் சொல்லத் தெரியல, ஆனா ஸ்க்ரீனுக்குப் பின்னாடியே ஒளிஞ்சிகினு இருந்திருந்தா ரெண்டுமே எனக்கு நடந்திருக்காது. அதான் இப்பல்லாம் யாரையாச்சும் கூப்பிடணும்னா, போன எடுக்கறதுக்கு முன்னாடி செருப்ப மாட்டிக்கிறேன்.